இறுவட்டில் இருப்பவள்

திருகோணமலை
02.06.2024

மதிப்புக்குரிய கீர்த்தனி தம்பிராசா அவர்களுக்கு,

வாட்ஸ்அப்பில் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறேன். அது தெரியாமல் நேற்று முழுக்க எனக்கு அழைத்துப் பார்த்தீர்களாம், உங்கள் அம்மா சொன்னா. மின்னஞ்சலையும் தடுக்கலாம்தான், ஆனால் என் சம்பள விபரம் அதில்தானே வருகிறது. ஆகவே இனிச் சொல்வதை இதில் சொல்லுங்கள். குரல் பதிவு அனுப்ப வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு ஏசத்தான் வரும், பக்கத்து அறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

செய்தியை எனக்குக் காட்டியது என் புருசன் இன்ஷாப். மனுசன் ஐஸ் லொறியை மீன் சந்தை வாசலில் நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து போனை நீட்டினார். "இந்தா பஹ்மி, உங்கட கேம் டிஸ்க்கா வருதாமே!" எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. டிஸ்க்காக, இறுவட்டாக வரவேண்டும், கையில் பிடிக்கவேண்டும் என்று எத்தனை நாள் உங்களை நச்சரித்திருப்பேன். பிறகு கீழே வாசித்தேன். 'உட்துறை. ஒக்டோபரில். கோபுரத்துப் பெண்ணின் குரல்: ஜெமீலா, லண்டன்.' இன்ஷாப்புக்கு என் முகத்தைப் பார்க்கப் பயம் வந்து, ஐஸ் கரையுது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது? உங்கள் வீட்டு முன்னறையில். நீங்கள் படம் கீறினீர்கள், நிரல் எழுதினீர்கள். நான் சத்தம் சேர்த்தேன். உட்துறைமுகத்துக்குள் இருட்டில் கப்பல் வருகிறது. மலைமேல் கோபுரத்தில் இருக்கிற ஒருத்தி வானொலியில் வழி சொல்கிறாள். விளையாடுகிறவர் அவளை நம்பிக் கப்பலைச் செலுத்த வேண்டும், நம்பாவிட்டால் கல்லில் ஏறும். அவ்வளவுதானே விளையாட்டு? அந்த ஒருத்தி நான். நீங்கள் ரொட்டர்டாமுக்கு வேலைக்குப் போனபோது விளையாட்டையும் அந்தக் கொம்பனி வாங்கிக்கொண்டது. சரி. எனக்கும் சத்த வேலைக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறது, அல்ஹம்துலில்லாஹ், அதுவும் சரி. ஆனால் என் தொண்டையை யார் விற்றது?

யார் இந்த ஜெமீலா என்று தேடிப் பார்த்தேன். வாப்பா மூதூரில் பிறந்தவராம். அவ லண்டனில் பிறந்து லண்டனில் நடிப்புப் படித்தவ. ஒரேயொருமுறை மூதூர் இறங்குதுறையில் நின்று படம் எடுத்து, 'என் மண்' என்று போட்டிருக்கிறா. கறுப்புக் கண்ணாடியோடு! வடிவாகத்தான் இருக்கிறா, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனம் என்னையே குத்தும்.

பொறாமையா என்று கேட்பாய். ஓம், பொறாமைதான். வயிறு எரிகிறது. பார், ஒரு பக்கத்துக்கு மேல் உனக்கு மரியாதை தரக்கூட என்னால் ஏலாமல் இருக்கிறது. அவவுக்கு எல்லாம் இருக்கிறது, லண்டன் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன. எனக்கு இந்த ஒரு குரல்தான் இருந்தது. அதைக் கேட்காமல் கொள்ளாமல் கொடுத்துவிட்டாய்.

பஹ்மியா


ரொட்டர்டாம்
05.06.2024

அன்புள்ள பஹ்மி,

அந்த அறிவித்தல் வருமுன் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருந்தது, அதனால் தள்ளிப்போட்டேன். இப்போது முழுவதையும் சொல்கிறேன், வாசித்துவிட்டு ஏசு.

டிஸ்க் அடிப்பது மலிவு என்று நீ எப்போதும் சொல்வாய். டிஸ்க் மலிவுதான். ஒரு டிஸ்க் அடிக்கிற காசில் இங்கே ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்க ஏலாது. ஆனால் ரீவியில் தொடுத்து விளையாடுகிற பெட்டியைச் செய்கிற கொம்பனி இருக்கிறதே, அவர்களுக்கு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு கட்டணம் கட்டவேண்டும். அது விற்ற பிறகு அல்ல, அச்சுக்குப் போகும் முன்பே. கடையில் விற்காமல் தூசு பிடித்துத் திரும்பி வந்தாலும் அந்தக் காசு திரும்பாது. படகு கரையை விடுமுன்பே மீனுக்கு வரி கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள். பிறகு மூல அச்சு என்று ஒன்று செய்வார்கள். அந்தச் செலவு ஒரு டிஸ்க் அடித்தாலும் ஒன்றுதான், மூவாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆனபடியால் கொஞ்சமாக அடித்தால் ஒவ்வொன்றும் ஆனைவிலை. கூட அடித்தால் விற்குமா என்று பயம். பெட்டி, அட்டை, லொறி, கடைக்காரன் பங்கு எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சுவது நகக்கண் அளவு. இணையத்தில் விற்றால் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. அதனால் எங்கள் மேலிடம் டிஸ்க்கே வேண்டாம் என்றுதான் சொன்னது.

நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று உனக்குத் தெரியும். டேட்டாவுக்குக் காசு போட்டே வீட்டுச் செலவில் பாதி போகிறது, இங்கே யார் இதை இறக்குவார்கள், டிஸ்க் என்றால் ஒன்று வாங்கினால் கிண்ணியா முழுக்கச் சுற்றும் என்று நீதானே சொன்னாய்? (அப்படிச் சுற்றுவதுதான் கொம்பனிகளுக்குப் பிடிக்காத விசயம், அது வேறு கதை.) மூன்று கூட்டத்தில் அடிபட்டேன். கடைசியில் மூவாயிரம் அடிக்கலாம், ஆனால் அவ்வளவையும் விற்கிறமாதிரி அட்டையில் போட ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். ஜெமீலா நடித்த தொடர் ஒன்று இங்கே நன்றாக ஓடியது. உன்னுடைய பதிவில் மின்விசிறிச் சத்தம், காகம், ஐஸ் லொறியின் ஹோன் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். டிஸ்க் வேண்டுமென்றால் குரலை மாற்று. இதுதான் பேரம். நான் டிஸ்க்கை எடுத்தேன்.

அவவின் பதிவுகள் உனக்கு வந்திருக்கும். உன் குரல் இருக்கிற இடங்களில் அவற்றை வைத்து, இந்த மாத முடிவுக்குள் ஏற்றிவிடு. இதை உன்னிடம் கேட்பது கொடுமை என்று தெரியும். ஆனால் உன்னைத் தவிர வேறு ஒருவருக்கும் அந்தக் கோப்புகளின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

ஒன்று மட்டும். உனக்கு ஒரு குரல்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் இரவில் அம்மாவுக்கு அழைத்தால், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாவோ இல்லையோ, "பஹ்மி புளியாணம் கொண்டு வந்தவள், பஹ்மி மாத்திரை வாங்கித் தந்தவள்" என்று உன் கதைதான். உன்னை 'பிள்ளை' என்கிறா. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா. உனக்கு ஒன்றுமே இல்லை என்று இனி எழுதாதே.

கீர்த்தனி


திருகோணமலை
24.06.2024

கீர்த்தனி,

வேலை முடிந்தது. ஒவ்வொரு வரியாக என்னை எடுத்து எறிந்துவிட்டு அவவை வைத்தேன். என் சவக்குழியை நானே வெட்டி, மண்ணையும் நானே போட்டது மாதிரி இருந்தது. நல்லா நடிக்கிறா. அதுதான் கூடக் கோபம். நடிப்பு மோசமாக இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே வேலையை முடித்திருப்பேன். ஆனால் 'கப்பல் கல்லில ஏறப் போகுது' என்பதை அவ சொல்கிறபோது யாரோ தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பலாவது கல்லில் ஏறியதை அவ கண்டாவா?

உங்கள் புதிய சேமிப்பிடத்துக்குப் பழையது புதியது எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார்கள். ஒரே நாளில் ஏற்றிவிட்டேன். ஆகவே திகதியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது, கோப்புறையின் பெயரைப் பார். பெயர் நம் பழைய வழக்கப்படிதான். முந்தின கோப்புறைக்கு எந்த மீனின் பெயரோ, அதைவிட அன்றைய சந்தையில் விலை கூடின மீன். இன்ஷாப் காலையில் வந்து விலை சொன்னார், நான் பெயர் வைத்தேன். விலை கூடினதுதான் கடைசி. மறந்திருந்தால் உன் ஜெமீலாவிடம் கேள்.

அன்ரியின் கதைக்கு வருகிறேன், உன் அம்மாவின் கதைக்கு. நான் புளியாணம் கொண்டு போனது உனக்குப் போட்டியாக அல்ல. அவ தனிய இருக்கிறா, நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டால் நான் என்ன செய்ய, காதைப் பொத்தவா? எனக்கு அது பிடித்திருக்கிறது. அதையும் உனக்குத் தரச்சொல்லிக் கேட்காதே.

இந்த வேலை பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

பஹ்மியா


ரொட்டர்டாம்
21.07.2024

பஹ்மி,

எழுத வேண்டாம் என்றாய். வேலை பற்றி ஒரே வரிதான். கடைசிக் கோப்புறையைக் கொடுத்துவிட்டேன், பரிசோதனையில் தேறிவிட்டது, அச்சாலைக்குப் போய்விட்டது.

மற்றது அம்மாவின் கண். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாக இன்ஷாப் படம் அனுப்பினார். கட்டிலில் அம்மா, பச்சைத் துணியோடு. பக்கத்தில் நீ, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தது அம்மாவின் கண்ணை அல்ல, உன் கையை. அது நான் இருக்க வேண்டிய கதிரை. எனக்கு இங்கே லீவு இல்லை, விசா கொம்பனியோடு கட்டிக் கிடக்கிறது, டிக்கெட்டுக்குக் கடன்பட வேண்டும், எல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ அந்தக் கதிரையில் அவ்வளவு வசதியாக இருந்தாய் என்று எனக்குக் கோபம் வந்தது. இதில் ஒரு நியாயமும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நீ உன்னுடையதை மறைக்கவில்லை, நான் ஏன் மறைக்க வேண்டும்.

நன்றி. மனதாரத்தான்.

கீர்த்தனி


ரொட்டர்டாம்
03.09.2024

பஹ்மியா,

என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய்?

இன்று அச்சாலையிலிருந்து முதல் பெட்டிகள் வந்தன. மூவாயிரமும் அடித்து, பெட்டியில் போட்டு, மேலே பிளாஸ்டிக் சுற்றி முடிந்துவிட்டது. ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டேன். கப்பல் வந்தது. கோபுரம் வெளிச்சம் போட்டது. "உட்துறைக்குள்ள வாற கப்பலுக்கு ஸலாம்" என்று நீ கதைக்கிறாய். நீ! மின்விசிறி, காகம், ஐஸ் லொறி, எல்லாம் சேர்ந்து. பெட்டியில் ஜெமீலாவின் முகம், ஜெமீலாவின் பெயர். உள்ளே நீ.

நான் பாரையைக் கொடுத்தேன். சாளை, கும்பளா, சூரை, பாரை என்று நாலு கோப்புறை கிடந்தது. நாலிலும் விலை கூடினது பாரை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெமீலாவின் குரல் சூரைக்குள் கிடக்கிறதாம், இப்போதுதான் திறந்து பார்த்தேன். புதியதற்கு மலிவான மீனின் பெயரை வைத்தாய். நான் பாரையைத்தான் எடுப்பேன் என்று தெரிந்தே வைத்தாய். இல்லையென்று சொல்லு பார்ப்போம்.

இங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒரு பெண் தமிழில் கதைக்கிறாள், போதும் என்று விட்டுவிட்டார்கள். விளையாட்டுப் பெட்டிக் கொம்பனியின் பரிசோதனையில் விளையாட்டு நடுவில் நின்றுபோகிறதா என்றுதான் பார்ப்பார்கள், யார் கதைக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. நான் அலுவலகத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அது என் பிழை, அதற்கு நான் ஏச்சு வாங்கியாயிற்று.

இப்போது நிலைமை இது. திரும்ப அடிப்பதென்றால் பெட்டிக் கொம்பனிக்குக் கட்டணத்தை முதலிலிருந்து கட்டவேண்டும். அதற்குக் காசில்லை. இதையே விற்றுவிட்டு, ஜெமீலாவின் குரலை இணையம் வழியாக ஒரு திருத்தமாக அனுப்பலாம். வாங்கியவர் தன் விளையாட்டுப் பெட்டியை இணையத்தில் தொடுத்தால் அது தானாக இறங்கி உன் குரலை மூடிவிடும். ஆனால் டிஸ்க்கில் இருப்பது உன் குரல், உன்னிடம் குரலுக்கு ஒப்பந்தம் இல்லை. நீ சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் ஒன்றைக்கூட விற்க ஏலாது என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் கையெழுத்து வராவிட்டால் மூவாயிரத்தையும் அரைத்துவிடுவார்கள். என் வேலையும் அதோடு போகும். வேலை போனால் விசா போகும்.

கடிதத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு.

கீர்த்தனி


திருகோணமலை
05.09.2024

கீர்த்தனி அம்மையாருக்கு,

சின்னப் பிள்ளைக்கும் தெரியுமோ? எந்த ஊர்ப் பிள்ளைக்கு? நீ கடைசியாக மீன் சந்தைக்குள் கால் வைத்தது எப்போது? அன்றைக்குக் கரைவலையில் பாரை மலை மாதிரி வந்து விழுந்தது. வாங்க ஆளில்லை. கருவாட்டுக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் என்று இன்ஷாப் சொன்னார். காற்று எச்சரிக்கையால் ஆழ்கடலுக்குப் படகுகள் போகவில்லை, சூரை கண்ணிலும் இல்லை, இருந்த நாலைந்தைத் தங்கம் மாதிரி நிறுத்து விற்றார்கள். அன்றைய விலை என்றுதானே நம் வழக்கம்? அன்றைய விலைக்குத்தான் நான் பெயர் வைத்தேன். உன் தலைக்குள் நீ விமானம் ஏறின நாளின் விலை அப்படியே நிற்கிறது. இங்கே விலை நிற்பதில்லை மகளே, ஒவ்வொரு காலையும் மாறுகிறது.

ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம், எது கடைசி என்று. கேட்கவில்லை. நான் எழுத வேண்டாம் என்றேனாம்! ஒரு நாளாவது நான் சொன்னதைக் கேட்டவளா நீ? இதற்கு மட்டும் கேட்டாயாக்கும்.

வேண்டுமென்று செய்தேன் என்று எழுதிவிட்டாய். அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். வயிறு எரிந்துகொண்டே அவவின் குரலை ஒவ்வொரு வரியாக, ஒரு மூச்சுச் சத்தம் பிசகாமல் வைத்தவள் நான். கெடுக்க நினைத்திருந்தால் எனக்கு மீன் தேவையில்லை.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் போய் நின்று சிரித்தேன். பிள்ளைகள் என்ன உம்மா என்று ஓடி வந்தார்கள். மூவாயிரம் டிஸ்க்கிலும் நான்! அவவின் முகத்தைக் காட்டி விற்று, உள்ளே நான் கதைக்கப்போகிறேன். மாஷா அல்லாஹ்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு விசயம். இணையத் திருத்தம் அனுப்பக்கூடாது, என் குரலை ஒருவரும் மூடக்கூடாது. பெட்டியில் அவவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். இரண்டும் நடந்தால் கையெழுத்து. இல்லையென்றால் அரைக்கட்டும். அவவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

பஹ்மியா


ரொட்டர்டாம்
11.09.2024

பஹ்மி,

நீ வேண்டுமென்று செய்தாய் என்று எழுதியது அநியாயம். மீன் விலையை இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்தக் கிழமை நீ சொன்னபடிதான் இருந்திருக்கிறது. மன்னித்துவிடு.

நீ கேட்ட இரண்டையும் மேலிடத்தில் வைத்தேன். பெட்டியில் பெயர் மாற்றுவதென்றால் மூவாயிரம் பெட்டிகளின் பிளாஸ்டிக்கைக் கிழித்து, அட்டையை உருவி, புதிதாக அடித்த அட்டையைச் செருகி, திரும்பச் சுற்ற வேண்டும். யந்திரம் செய்யாது, ஆட்கள் கையால் செய்யவேண்டும். இங்கே ஆள்கூலி டிஸ்க்கின் விலையைவிடக் கூட. ஏலாது என்றார்கள். விளையாட்டு முடிகிறபோது ஓடுகிற பெயர்களில் சேர்க்கலாம், அதற்கு அச்சுச் செலவில்லை, இணையத் திருத்தத்தோடு போய்விடும். ஆனால் அந்தத் திருத்தத்தில்தான் ஜெமீலாவின் குரலும் போகிறது. அவவோடு ஒப்பந்தம் இருக்கிறது, அனுப்பாவிட்டால் அவ வழக்குப் போடுவா. ஆக, நீ கேட்ட இரண்டில் ஒன்றும் என்னால் தர ஏலவில்லை.

இனி நான் உன்னைக் கெஞ்ச வேண்டும். கெஞ்சுகிறேன். ஆனால் கெஞ்சும்போதும் எனக்கு எரிகிறது, அதையும் கேள். நான் ஊரை விட்டு, அம்மாவை விட்டு, இந்தக் குளிருக்குள் வந்து, தெரியாத பாசையில் மூன்று கூட்டத்தில் அடிபட்டு அந்த டிஸ்க்கை வாங்கினேன். அதில் எங்கே நான்? நிரலுக்குள் இருக்கிறேன், அதை யார் காண்பார்கள்? பிழையாகப் போனபோதும் உள்ளே போய் உட்கார்ந்தது நீதான். நான் எதை ஊரில் விட்டுவிட்டு வந்தாலும் அது உன்னிடம் போய்ச் சேருகிறது. விளையாட்டு, அம்மா, எல்லாம்.

இங்கே துறைமுகத்தில் வேலை செய்கிற நம் ஊர் நஸ்ரி கிண்ணியாவுக்கு லீவில் வருகிறான். அவனிடம் ஒரு டிஸ்க் கொடுத்துவிட்டிருக்கிறேன். அரைத்தாலும் உன்னிடம் ஒன்று இருக்கட்டும். நம் பழைய விளையாட்டுப் பெட்டி அம்மா வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதில் போட்டுப் பார்.

முப்பதாம் திகதி. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கீர்த்தனி


திருகோணமலை
27.09.2024

கீர்த்தி,

நஸ்ரி கொண்டு வந்து தந்தான். பெட்டியைப் பார்த்ததும் முதலில் ஜெமீலாவின் முகத்துக்கு மேலே பேனையால் ஒரு மீசை கீறினேன். அது செய்யாமல் என்னால் மேலே போக ஏலவில்லை.

பிறகு அம்மா வீட்டுக்குப் போனேன். (ஓம், அம்மா என்றுதான் எழுதுகிறேன், எரிந்தால் எரியட்டும்.) அலுமாரிக்கு மேலே இருந்து பெட்டியை இறக்கித் தூசு தட்டி ரீவியில் தொடுத்தேன். அவ கதிரையில் இருந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தா. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, ஆனால் திரையைப் பார்க்கவே இல்லை. "என்ன பிள்ளை, கப்பல் விளையாட்டோ?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

என் குரல் வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். "அம்மா, இது யார் கதைக்கிறது சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். "நீதானே, வேறை ஆர்" என்றுவிட்டு மற்றக் கடலையை எடுத்தா. நான் இதற்காகத்தான் உன்னோடு இவ்வளவு சண்டை பிடித்தேன், கீர்த்தி. எனக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. அந்தத் தொங்கலில் கையும் ஓடவில்லை, கப்பல் நேரே போய்க் கல்லில் ஏறியது.

கல்லில் ஏறினால் நான் கத்துவேனே, 'திருப்புங்கோ, திருப்புங்கோ' என்று. அந்த வரியை உங்கள் முன்னறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பதிந்தது நினைவிருக்கிறதா? நான் அவசரப்பட்டுக் கத்தினேன், நீ நடுவில் கதைத்தாய். அதை வெட்டிவிட வேண்டுமென்று இருந்தேன், வெட்டவில்லை, பழைய கோப்பு என்று அப்படியே கிடந்தது. இப்போது மூவாயிரம் டிஸ்க்கிலும் ஏறிக் கிடக்கிறது. என் கத்தலுக்குப் பின்னால், தூரத்தில், நீ. "பஹ்மி, ஆறுதலாச் சொல்லு. அவசரமில்லை."

கடலைத் தட்டு கீழே விழுந்தது.

"ஐயோ, இது என்ரை பிள்ளை எல்லோ!"

கீர்த்தி, நீ போன இந்த மூன்று வருடமாக அந்தச் சொல்லை எனக்கு என்று வைத்திருந்தேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா என்று எழுதினாயே, போனில் மட்டும்தான் அப்படி. உன் குரலைக் கேட்டதும் அவவின் வாயில் வந்தது அதுதான். அது வந்த விதம் வேறு. என்னைக் கூப்பிடுகிறபோது ஒருநாளும் அப்படி வந்ததில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே எனக்கு உன்மேல் வந்த பொறாமை இருக்கிறதே, ஜெமீலாவின் மேல் வந்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைக்கக் காணாது.

நான் சொன்னேன், "அம்மா, அவள் ஒவ்வொரு இரவும் உங்களோட போனில கதைக்கிறாள்தானே?" அவ சொன்னா: "போனிலை கதைக்கிறது ரொட்டர்டாமிலை இருக்கிற கீர்த்தனி. இது வீட்டிலை இருக்கிற பிள்ளை."

"திருப்பிப் போடு பிள்ளை" என்றா. அந்தப் 'பிள்ளை' நான்.

திருப்பிப் போடுவது லேசான வேலையா? உன்னுடைய அந்த நாலு சொல்லும் வரவேண்டுமென்றால் கப்பலைத் துறைமுக வாயிலிருந்து கொண்டு வந்து, நல்ல வழியை விட்டுவிட்டு, கல்லில் ஏற்ற வேண்டும். பின்னேரம் முழுக்கக் கப்பல் கப்பலாக உடைத்தேன். அவ கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு இருந்தா. நான் கத்துகிறபோது "ஸ்ஸ்" என்று என் குரலுக்கே வாயை மூடச் சொன்னா, உன்னுடையது பின்னால் கேட்கவில்லையாம்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். நிபந்தனை ஒன்றுமில்லை. உங்கள் திருத்தத்தை அனுப்புங்கள். இணையம் உள்ளவர்கள் ஜெமீலாவைக் கேட்கட்டும், நல்லாத்தான் நடிக்கிறா. ஓடுகிற பெயர்களில் என் பெயரைப் போடு, அதற்கு அச்சுச் செலவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். குரல் என்று போட்டு என் பெயர். அதற்குக் கீழே உன் பெயர். கீழே, விளங்குதா? மேலே அல்ல.

உன் அம்மா வீட்டுப் பெட்டிக்கு மட்டும் நான் இணையம் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் திருத்தம் இறங்கி உன்னை அழித்துவிடும். நஸ்ரி வைபை போட்டுத் தரவா என்று கேட்டான், ஏசி அனுப்பிவிட்டேன். டிஸ்க் அடித்தது அடித்தபடி அங்கே கிடக்கும். இதில் உன் மேலிடத்தையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் இப்போது அழைக்காதே, எடுக்க நேரமில்லை. உன் அம்மா இரண்டு ஒழுங்கைக்கு அப்பாலிருந்து ஆள் அனுப்பிவிட்டா. கப்பல் உடைக்கப் போகிறேன்.

பஹ்மி